ஆட்ட அறிவு ஃப்ளை-ஹாஃபுக்கு மட்டும் சொந்தமா?
ரக்பியில் ஆட்ட அறிவு, அதாவது களத்தின் நிலைமையைப் படித்துச் சரியான முடிவெடுக்கும் திறன், பிறவியிலேயே வருவது, பயிற்சியாளர் அதைக் கண்டெடுக்கலாமே தவிர வளர்க்க முடியாது என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2003 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் கூடுதல் நேரம் முடியும் தறுவாயில், இங்கிலாந்தின் ஃப்ளை-ஹாஃப் (அணியின் ஆட்டத்தை வழிநடத்துபவர்) வில்கின்சன் தன் வழக்கமான இடது காலை விட்டு வலது காலால் அடித்த டிராப் கோலைத்தான் (பந்தைத் தரையில் துள்ளவிட்டுக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குச் சில நொடிகள் முன்பு, பந்தோடு பாய்ந்த ஸ்க்ரம்-ஹாஃப் (குவியலிலிருந்து பந்தை எடுத்துப் பாஸ் தருபவர்) டாசன் ரக்கின், அதாவது தரையில் கிடக்கும் பந்துக்காக வீரர்கள் முட்டிக்கொள்ளும் குவியலின், அடியில் சிக்கிக் கிடந்தார். கேப்டன் மார்ட்டின் ஜான்சன், அதாவது முட்டித் தள்ளும் வேலைக்கான லாக் எனும் முன்கள வீரர், அவசரப்படாமல் பந்தை வாங்கி எதிரணி மீது இன்னொரு முறை முட்டினார். டாசன் எழுந்து தன் இடத்துக்கு வர அந்த அவகாசம் போதுமாக இருந்தது. வில்கின்சனுக்குப் பாஸ் சரியாகப் போனது, இங்கிலாந்து 20-17 என்று ஆஸ்திரேலியாவை வென்றது. இந்த வரிசையை அந்த அணி பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பழகியிருந்தது. அப்புறம் எப்படி இதைப் பிறவிக் குணம் என்பது? மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், ஆட்ட அறிவை வளர்க்க வீடியோ அலசலே போதும் என்கிறார். கேமரா உயரத்திலிருந்து காட்டும் இடைவெளி, களத்தில் மூச்சு வாங்க நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. பயிற்சி ஆட்டத்தை நடுவில் நிறுத்தி, "இப்போது எதைப் பார்த்தாய், ஏன் அந்தப் பக்கம் போனாய்?" என்று கேட்க வேண்டும், முன்வரிசையில் நின்று தள்ளும் ப்ராப்பிடமும்தான்.