‘போமற் அடிச்சா எல்லாம் சரி’யாம்!

இந்த ஊரில் கொம்பியூட்டருக்கு என்ன வருத்தம் வந்தாலும் ஒரே மருந்துதான். போமற், அதாவது உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. திரை கறுத்தால் போமற், சத்தம் வராவிட்டால் போமற், பிரிண்டர் தாளை விழுங்கினாலும் போமற். காய்ச்சல் என்று கொண்டுபோன பிள்ளையைத் தொட்டும் பார்க்காமல், ‘இது சரிவராது, வேற பிள்ளை பெத்துக்கொள்ளுங்கோ’ என்று திருப்பி அனுப்புகிற டொக்டரை எங்காவது கண்டிருக்கிறீர்களா? நான் கண்டேன். மூன்று வாரத்தில் மூன்று பேரை.

எனக்குக் கணிதம் படிப்பிக்கிற வேலை. சாதாரண தரப் பிள்ளைகள், சனிக்கிழமை காலை ஆறரைக்கு வகுப்பு. வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டொப், அதில் விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம். ஆறு வருடமாக ஒரு வேலைக்கும் முகம் சுளிக்காத சாமான். ஒக்டோபரில் ஒரு சனி, விடிய ஐந்தேகாலுக்கு, ஐம்பது பிள்ளைக்கும் கேள்வித்தாள் அடிக்கலாம் என்று சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் பிஸிபொக்ஸ் என்று ஒரு வரி. அதற்குக் கீழே இனிட்ராம்எஃப்எஸ் என்று எழுதிவிட்டு, கடன் கேட்க வந்தவன் படலையில் நிற்பது மாதிரி ஒரு கோடு மின்னி மின்னி நிற்கிறது.

அந்த நேரத்தில் யாரை எழுப்புவது? கூடப் படித்தவன் ஒருவன் இருக்கிறான். தூக்கக் கலக்கத்தோடு, “மச்சான், எஃப்எஸ்சிகே எண்டு அடிச்சு, டிஸ்க்கின்ர பேரையும் போட்டு, பின்னால ஒரு ஹைபனும் ‘வை’ எண்ட இங்கிலீஷ் எழுத்தும் போட்டு விடு” என்றான். டிஸ்க்கைச் சோதித்துத் திருத்துகிற கட்டளையாம். அடித்தேன். என்னென்னவோ ஓடியது. ‘எக்ஸிட்’ என்று அடிக்க, ஒன்றும் நடக்காத மாதிரி எழும்பிவிட்டது. தாளும் அடித்தேன், வகுப்பும் எடுத்தேன். ஞாயிறு காலை திரும்பவும் அதே கறுப்புத் திரை. திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் அப்படித்தான். தேவாரம் பாடமாக்கிய மாதிரி அந்தக் கட்டளை எனக்குப் பாடமாகிவிட்டது.

ஐந்தாம் நாள் அதே நண்பன், “தினம் தினம் உதோட மாரடிக்காமல் ஒரு போமற் அடி மச்சான்” என்றான். முதலாவது டொக்டர்.

இரண்டாவது டொக்டர் கனடாவில் இருக்கிற மச்சான். அவருக்கு அங்கே இரவு எட்டு மணி, சாப்பிட்டுவிட்டு உற்சாகமாக இருந்தார். “உந்த லினக்ஸ் எல்லாம் சேர்வருக்குத்தான் சரி, வீட்டுக்கு உதவாது. விண்டோசைப் போடும்.” ஆறு வருடம் ஓடியது எதில் ஓடியது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவர் அக்காவின் புருஷன். விழுங்கிக்கொண்டேன்.

மூன்றாவது, யாழ்ப்பாண ரவுணில் ஒரு கடை. கொக்குவிலில் இருந்து ஓட்டோவில் சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு, கே.கே.எஸ். வீதியின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதைப் பிள்ளை மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். கடைக்காரர் வயரைச் சொருகி, அந்தக் கறுப்புத் திரையை மூன்று செக்கன் பார்த்தார். கூட்டிச் சொல்லவில்லை, மூன்றே செக்கன்.

“ஹார்ட் டிஸ்க் போட்டுது தம்பி. எஸ்எஸ்டி எண்ட புதுவகை டிஸ்க் ஒண்டு போட்டு, போமற் அடிச்சு, விண்டோஸ் ஏத்தித் தாறன்.”

“அண்ணை, அதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன்.”

“உதுகளை வாசிச்சு ஒரு பிரயோசனமும் இல்லை.”

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வாசித்துப் பிரயோசனம் இல்லையாம்! போன வருடம் என் சின்னம்மாவின் கொம்பியூட்டருக்கும் இதே வைத்தியம்தான் நடந்தது. அது எங்கே, எந்தக் கடை என்பதை விடுவோம். திறக்கவில்லை என்று கொடுத்தா, ‘புத்தம் புதுசு’ ஆக்கிக் கொடுத்தார்கள். 1995 ஒக்டோபரில் சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பி ஓடியபோது, உடுப்பைக் கூட விட்டுவிட்டு அவ தூக்கிக்கொண்டு போன அல்பம் ஒன்று இருந்தது. திரும்பி வந்த பிறகு கறையான் அரிக்கத் தொடங்க, ஒவ்வொரு படமாக ஸ்கான் பண்ணி அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் வைத்திருந்தா. சண்டைக்குத் தப்பியது, கறையானுக்கும் தப்பியது. போமற்றுக்குத் தப்பவில்லை.

ஆகவே நான் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். “எஸ்எஸ்டி எடுத்து வைக்கட்டோ?” என்று அவர் பின்னால் இருந்து கேட்டது காதில் விழுந்தது.

வீட்டில் வழக்கம் போல அந்தக் கட்டளையை அடித்துத் திறந்து, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கிற ஸ்மார்ட் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். பழுதாகி மாற்றப்பட்ட செக்டர், அதாவது டிஸ்க்கின் சின்னத் துண்டு, எத்தனை? 0. அந்த அறிக்கை ஒன்றும் வேதவாக்கு இல்லைதான். ஆனாலும் மூன்று செக்கன் பார்வையை விட மேல்.

இதற்கிடையில் அம்மா வவுனியாவுக்குப் போனா. போன ஐந்து நாளும் கொம்பியூட்டர் ஒரு சொல் சொல்லாமல் எழும்பியது. ‘தானாகச் சுகமாகிவிட்டது’ என்று நானும் இருந்துவிட்டேன். ஆறாம் நாள் அம்மா வந்தா. ஏழாம் நாள் காலை கறுப்புத் திரை! அம்மாவுக்கும் எஃப்எஸ்சிகேக்கும் என்ன பகை? ஒரு பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திரைக்கு முன்னால் குந்தியிருந்து, முதன்முறையாக ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். சூப்பர்புளொக்கின், அதாவது டிஸ்க் தன் விவரங்களை எழுதி வைக்கிற இடத்தின், கடைசி மவுன்ட் நேரம் (கடைசியாகத் திறந்த நேரம்) எதிர்காலத்தில் இருக்கிறதாம். பக்கத்திலேயே, இப்போது நேரம் என்ன என்றும் போட்டிருந்தது: 2010 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை.

2010!

அம்மாவைக் கேட்டேன். “ஓம், இரவில நான்தான் சுவரில இருந்து பிளக்கைக் கழட்டுறனான். உந்த மின்னலுக்கு ஆர் காவல் இருக்கிறது? பக்கத்து வீட்டு ரிவி கருகினது மறந்து போச்சே ராசா?”

அவ்வளவுதான் விஷயம். பிளக் சுவரில் இருக்கும் மட்டும், கொம்பியூட்டரை நிற்பாட்டினாலும் மதர்போர்டுக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கிற மணிக்கூடு அதில் ஓடும். பிளக்கைக் கழற்றினால் அதற்குத் துணை ஒரு வட்டப் பற்றறி மட்டும்தான். அது செத்துப்போனால் மணிக்கூடு தொடக்கத்துக்கே போய்விடும். என்னுடையதற்குத் தொடக்கம் 2010. டிஸ்க்கோ, கடைசியாக என்னை நேற்றுத்தான் திறந்தார்கள் என்று தேதியோடு எழுதி வைத்திருக்கிறது. இரண்டும் ஒத்துவரவில்லை. வித்தியாசம் ஒரு நாளுக்குள் என்றால் அதுவே திருத்திக்கொண்டு போய்விடும். ஒரு நாளுக்கு மேலே போனால், ஒரு மனிதர் வந்து பார்க்கட்டும் என்று நின்றுவிடும். பிறகு இன்டர்நெட் கிடைத்ததும் நேரம் சரியாகும், இரவு மூடும்போது சரியான தேதியை டிஸ்க்கில் எழுதும், அம்மா பிளக்கைக் கழற்றுவா, விடிய மறுபடி சண்டை. டிஸ்க்கில் ஒரு பிழையும் இல்லை. விண்டோஸ் போட்டிருந்தாலும் அந்த மணிக்கூடு 2010இல்தான் நின்றிருக்கும். பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்துப் புது எஸ்எஸ்டி போட்டிருந்தாலும் அப்படியே.

1996இல் மணிக்கூட்டை முன்னே தள்ளிவிட்டு, 2006 ஏப்ரலில் திரும்பவும் ஐந்தரை மணித்தியால வித்தியாசத்துக்கே கொண்டுவந்த நாடு இது. ‘பழைய நேரமோ புது நேரமோ?’ என்று கேட்காமல் ஒரு கலியாண வீட்டுக்குப் போக முடியாமல் இருந்த சனம் நாங்கள். அந்த மாற்றமெல்லாம் லினக்ஸில் கொழும்பு என்ற நேர வலயத்துக்குள் ஆண்டு தேதியோடு பதிந்து கிடக்கிறது. நேரம் பிழைத்திருக்குமோ என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எரிச்சல்.

சரி, என்னையும் திட்டத்தான் வேண்டும். லினக்ஸ் வருவதற்கு முன்னமே மதர்போர்டு தன் பங்குக்கு, தேதி நேரம் பிழை, எஃப் ஒன் கீயை அமத்து என்று ஒவ்வொரு நாளும் எழுதிக் காட்டியிருக்கிறது. நான் பிள்ளையாருக்கு முன்னால் குட்டிக்கொள்வது போல, பார்க்காமலே அமத்திக்கொண்டு போயிருக்கிறேன். அம்மா வவுனியாவில் நின்ற நாட்களில் அது வரவில்லை என்பதையும் கவனிக்கவில்லை. கடைக்காரராவது மூன்று செக்கன் பார்த்தார்.

மூடியைக் கழற்றி, பற்றறியை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நெம்பி எடுத்தேன். மேலே சிஆர் 2032 என்று பொறித்திருந்தது. 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு, அளவுதான் பெயரே. பக்கத்து ஒழுங்கையில் மோட்டர் சைக்கிள் வயரிங் செய்கிற அண்ணையின் மீற்றரில் வைத்துப் பார்த்தோம். 3 வோல்ற் இருக்க வேண்டியது 1.1 காட்டியது. அவர், “உது செத்து மாசக் கணக்கு” என்று சொல்லிவிட்டு மீற்றரை மடியில் துடைத்தார். அவரிடம் இருந்தது ஒரு கேள்விதான்: “எப்ப எப்ப இப்பிடி வருது தம்பி?” மூன்று டொக்டர்களும் கேட்காத கேள்வி.

கஸ்தூரியார் வீதியில் மணிக்கூடு திருத்துகிற ஒருவரிடம் 150 ரூபாய்க்குப் புதுசு வாங்கிப் போட்டேன். அன்று இரவு அம்மா வழக்கம் போலக் கழற்றினா. விடிய சுவிட்சைப் போட, எஃப் ஒன் கேட்கவில்லை, கறுப்புத் திரையும் இல்லை. “பாத்தியே, நான் கழட்டி வைக்கிறபடியால்தான் உது இன்னும் உயிரோட கிடக்கு” என்றா அம்மா. பேசாமல் தாளை அடித்தேன்.

மத்தியானம் ரவுண் கடையில் இருந்து கோல் வந்தது.

“தம்பி, எஸ்எஸ்டி வந்திட்டுது. எப்ப கொண்டு வாறீர்?”

“தேவையில்லை அண்ணை, அது பற்றறிப் பிரச்சினை. மாத்திட்டன், இப்ப நல்லா வேலை செய்யுது.”

“ஓ, பற்றறியோ...” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “மாத்தினதோட ஒருக்கா போமற்றும் அடிச்சனீரோ?”