50 நிமிடத்தில் 41 நிமிடம் நான்தான் பேசினேன்

போன செமஸ்டரில் ஒரு நாள் பல்கலைக்கழகத்தில் நான் நடத்தும் டுடோரியல் வகுப்பைக் கைப்பேசியில் பதிவு செய்தேன் (மாணவர்களிடம் சொல்லிவிட்டுத்தான்). அன்று இரவு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். 50 நிமிடக் கலந்துரையாடல் என்று அட்டவணையில் போட்டிருக்கிறது. அதில் 41 நிமிடம் என் குரல்.

அதைவிடக் கூச்சமாக இருந்தது இன்னொன்று. "எனி கொஸ்டின்?" என்று கேட்கிறேன், யாரும் மூச்சு விடுவதற்குள் "ஓகே, அடுத்தது" என்று போய்விடுகிறேன். ஆறு முறை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து இதைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக 1 வினாடிதான் காத்திருந்தார். 3 வினாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, மௌனம் குறைந்தது. 'இவன் சுமார்தான்' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பேச வந்தார்கள். மாணவர் பேசி நிறுத்திய பிறகும் அதே 3 வினாடி வேண்டும் என்றார் அவர். நான் அங்கேதான் தோற்கிறேன். பிள்ளை மூச்சு வாங்க நிறுத்தினால் "குட்!" என்று பாய்ந்துவிடுகிறேன். அடுத்த வாக்கியம் அவள் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

அந்த வகுப்பில் ஒரு பெண். வடக்கே கெடா மாநிலத்துப் பக்கம், தமிழ்ப்பள்ளி, பிறகு ஒரு வருடம் ரிமூவ் கிளாஸ் (மலாய் மொழியைத் தேற்றிக்கொள்ளும் இடைவகுப்பு), அப்புறம் இடைநிலைப்பள்ளி. ஒன்பது வாரம் வாயே திறக்கவில்லை. ஆர்வமில்லை என்று நானும் முடிவு கட்டியிருந்தேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து லிஃப்ட் பக்கம் போகும்போது பின்னாலேயே வந்தாள். "டாக்டர், ஒண்ணு சொல்லலாமா?" அன்று வகுப்பில் யாருக்கும் தோன்றாத பதில் அது. அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இங்கிலீஷ்ல வாக்கியம் சேர்க்குறதுக்குள்ள நீங்க அடுத்த ஸ்லைடுக்குப் போயிடுறீங்க டாக்டர்."

இதே பெண் ஆரம்பப் பள்ளியில் பேச்சுப்போட்டிக் கோப்பைகள் வாங்கியவள். நம் பிள்ளைகளுக்குப் பேச வராது என்று சொல்பவர்கள் ஒரு தமிழ்ப்பள்ளி மேடையின் முன் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். பல்கலைக்கழகம் போக எழுதும் மூயெட் (MUET) ஆங்கிலத் தேர்விலும் குழுக் கலந்துரையாடல் உண்டு. அதற்காக "ஐ அக்ரீ வித் யூ, பட்" என்பதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் அது மதிப்பெண்ணுக்காகப் பேசுவது. மற்றவன் சொன்னதைக் கேட்டு மனம் மாறுவது வேறு பழக்கம். அதற்கு வகுப்பை நடத்துபவருக்குக் கை பழக வேண்டும்.

அந்தப் பழக்கம் எங்களில் பலருக்கு இல்லை. பள்ளி ஆசிரியராகப் போகிறவருக்குப் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, பயிற்றுப் பணி இருக்கிறது. நாங்கள் பிஎச்டி முடித்தோம், சாவியைக் கொடுத்து வகுப்பைக் காட்டினார்கள். பட்டிமன்ற நடுவர் மாதிரி ஆகிவிட்டோம்: இரு பக்கமும் பேச விடுவதாகப் பெயர், கடைசியில் நீளமாகப் பேசுவது நாம்தான்.

சரி, பயிற்சியே இல்லையா என்றால், இருக்கிறது. நானும் போயிருக்கிறேன். கலந்துரையாடலை வளர்ப்பது எப்படி என்று ஒருவர் காலை முழுக்க விரிவுரை நடத்தினார். ஃபிராங்க் லைமன் 1981இல் சொன்ன முறையும் அதில் வந்தது: முதலில் தனியாக யோசி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசு, பிறகு எல்லோருக்கும் சொல். நல்ல முறைதான். ஆனால் கோலாலம்பூர் வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் யார்? மலாய் மாணவர்கள் ஒரு பக்கம், சீன மாணவர்கள் ஒரு பக்கம், நம் ஆட்கள் கதவோரம். ஜோடி சேரச் சொன்னால் சுவர் இன்னும் கெட்டியாகும். ஆனாலும் முதல் இரண்டு நிமிடம் அவரவர் மொழியில் பேசிக்கொள்ள விட்டால் அந்தக் கெடாப் பெண்ணுக்கு வாக்கியம் சேர்க்க நேரம் கிடைக்கும். ஆகவே நான் இப்போது இரண்டு சுற்று வைக்கிறேன். முதல் சுற்று பக்கத்து நாற்காலி, எந்த மொழியும் பரவாயில்லை. அடுத்த சுற்றில் நாற்காலியை மாற்றி உட்கார வேண்டும். ஆங்கில வகுப்பில் தமிழா என்று சக விரிவுரையாளர் ஒருவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். இரண்டாவது சுற்றில் அந்தப் பெண் ஆங்கிலத்தில்தான் பேசினாள், பாதியில் நிறுத்தினாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன், அவளே தொடர்ந்தாள்.

இதெல்லாம் கேட்டு வருவதல்ல, செய்து பார்த்து வருவது. எட்டுப் பேர் உட்கார்ந்து, ஒருவர் பத்து நிமிடம் வகுப்பு நடத்தி, பதிவைப் போட்டுப் பார்த்து, மறுபடி நடத்த வேண்டும். சைக்கிள் ஓட்டப் படித்த மாதிரி.

அடுத்த மாதம் புது விரிவுரையாளர்களுக்கு ஒரு அமர்வு நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். படிவத்தில் ஸ்லைடு எண்ணிக்கை கேட்டிருந்தார்கள், பூஜ்யம் என்று போட்டேன். எட்டு நாற்காலி, ஒரு கைப்பேசி, வினாடி முள் ஓடும் சுவர்க்கடிகாரம் ஒன்று. இவற்றுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை, 'இதர தேவைகள்' என்ற இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.