லோனில் போகிற பையனை இளக்காரமாகப் பார்க்காதீர்கள்

"அவனை வேண்டாம்னு தள்ளிவிட்டுட்டாங்களாம்." பெரிய கால்பந்து கிளப்பில் ஒப்பந்தம் போட்ட பையன் ஒருத்தன் லோனில், அதாவது ஒப்பந்தம் அங்கேயே இருக்க கொஞ்ச காலத்துக்கு மட்டும், வேறு கிளப்புக்குப் போனால் எங்கள் பக்கம் கிளம்புகிற முதல் பேச்சு இதுதான். பட்டுக்கோட்டை டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், அதிராம்பட்டினத்தில் எழுவர் கால்பந்து பார்க்கும்போது கயிற்றோரம் நிற்பவர்கள் பேசியும் கேட்டிருக்கிறேன். கால்பந்து தெரிந்தவர்களே இப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் வருத்தம். இந்தப் பேச்சு தப்பு. வளர்கிற பையன் காதில் விழுந்தால் அவனுக்குக் கெடுதலும்கூட. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இங்கிலாந்து வீரர் ஹாரி கேனையே எடுத்துக்கொள்வோம். லண்டனின் டாட்டன்ஹாம் கிளப்பின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர், மொத்தம் 280. 2018 உலகக் கோப்பையில் 6 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கியவர். 2023இல் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப்புக்குப் போனார். சின்ன வயதில் ஆர்சனல் கிளப்பின் அகாடமி (சிறுவர் பயிற்சி மையம்) இவரை அனுப்பிவிட்டது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். 17 வயதிலிருந்து 19 வயது வரை அவர் எங்கெங்கே ஆடினார் என்பதை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை.

2011 ஜனவரியில் டாட்டன்ஹாம் அவரை லேட்டன் ஓரியன்ட்டுக்கு லோனில் அனுப்பியது. இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக் அது. 18 லீக் ஆட்டம், 5 கோல். அடுத்த ஜனவரியில் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த மில்வால். அங்கே எல்லாப் போட்டியும் சேர்த்து 9 கோல். சரி, பையன் ஏறிக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கும்போதுதான் சறுக்கல். 2012இல் நார்விச் போனார், முதல் நிலையான பிரீமியர் லீக்கில் ஆடும் கிளப். வெஸ்ட்ஹாமுடன் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்கிற நல்ல வாய்ப்பைத் தவறவிட்டார். கொஞ்ச நாளில் டான்காஸ்டருடன் நடந்த கோப்பை ஆட்டத்தில் பாதத்து எலும்பு முறிந்தது. நார்விச்சுக்காக ஒரு கோல்கூட இல்லை. 2013 பிப்ரவரியில் லெஸ்டர் சிட்டி. அங்கே 2 கோல், பல ஆட்டங்களில் பெஞ்ச். அதே பெஞ்சில் அப்போது பக்கத்தில் இருந்தவர் ஜேமி வார்டி. 2016இல் அதே லெஸ்டருக்காக கோல் கோலாக அடித்து பிரீமியர் லீக் பட்டம் வாங்கித் தந்தவர்.

நாலு கிளப். இரண்டில் நன்றாகப் போனது, இரண்டில் போகவில்லை. லெஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த 19 வயதுப் பையனை அன்றைக்கு நாம் பார்த்திருந்தால், "இவன் அவ்வளவுதான்" என்றுதான் சொல்லியிருப்போம். டாட்டன்ஹாம் அப்படி முடிவு செய்யவில்லை. 2014 ஏப்ரலில் சன்டர்லாந்துக்கு எதிராக அவர்களுக்காக பிரீமியர் லீக்கில் முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்தே இறக்கப்பட்டார், கோல் அடித்தார். அடுத்த சீசனில் எல்லாப் போட்டியும் சேர்த்து 31 கோல்.

இந்த நாலில் எனக்கு முக்கியமாகப் படுவது மில்வால்தான். கேனும் பின்னாளில் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த சீசனில் மில்வால் கீழ் லீக்குக்கு இறங்கிவிடாமல் இருக்கப் போராடிக்கொண்டிருந்தது. அகாடமி ஆட்டத்தில் தோற்றால் கோச் திட்டுவார், அதோடு சரி. கீழே இறங்கப்போகிற அணியில் தோற்றால் பக்கத்தில் ஆடுகிற 32 வயதுக்காரரின் அடுத்த வருஷ சம்பளம் போகும். அவருக்குப் பையனின் திறமை பற்றி அக்கறை இல்லை, பந்து வலைக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த நெருக்கடியில் ஆடிப் பழகுவதை எந்த அகாடமியும் கற்றுத்தர முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020இல் கொரோனாவில் சின்ன கிளப்கள் தவித்தபோது, லேட்டன் ஓரியன்ட் சட்டைக்கு ஸ்பான்சர் செய்தது கேன்தான். சட்டையில் தன் பெயரைப் போடவில்லை. முன்னணியில் நின்று உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லவும், தீராத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றுக்கும் மனநல அமைப்பு ஒன்றுக்கும் அந்த இடத்தைக் கொடுத்துவிட்டார். 17 வயதில் தன்னை இறக்கி ஆடவிட்ட கிளப்பை அவர் மறக்கவில்லை.

லோன் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான். பையனின் ஒப்பந்தம் தாய் கிளப்பிடமே இருக்கும். ஒரு சீசனோ அரை சீசனோ இன்னொரு கிளப்புக்கு ஆடுவான். சம்பளத்தை யார் எவ்வளவு கொடுப்பது என்று இரண்டு கிளப்பும் பேசிக்கொள்ளும். நடுவில் திரும்பக் கூப்பிடும் உரிமை தாய் கிளப்புக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அது எழுதுகிற தாளைப் பொறுத்தது. முடிவில் அந்தக் கிளப்பே வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நிபந்தனையும் சில நேரம் சேர்ப்பார்கள்.

இதில் மோசமான பக்கம் இல்லையா என்றால், நிச்சயம் இருக்கிறது. செல்சி கிளப் ஒரு காலத்தில் இளைஞர்களை மொத்தமாக ஒப்பந்தம் செய்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டே இருந்தது. பிரேசில்காரர் லூகாஸ் பியாசோன் 2012இல் சேர்ந்து 2021இல் வெளியேறும் வரை செல்சிக்காக ஆடியது 3 ஆட்டம். மலாகா, விட்டெஸ், ஃப்ராங்க்ஃபர்ட், ரெடிங், ஃபுல்ஹாம், கியேவோ, ரியோ ஆவே என்று சுற்றினார். குரோஷிய கோல்கீப்பர் மாதேய் டெலாச் 2010 முதல் 2018 வரை செல்சி ஒப்பந்தத்தில் இருந்தும் முதல் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இப்படி நடந்ததால்தான் ஃபிஃபா 2022 ஜூலையில் விதியை இறுக்கியது. நாடு விட்டு நாடு போகும் லோனில் ஒரு கிளப் ஒரே நேரத்தில் 8 பேருக்கு மேல் வெளியே அனுப்பக் கூடாது, அடுத்த வருஷம் 7, 2024 முதல் 6. ஒரு லோன் ஒரு வருஷத்தைத் தாண்டக் கூடாது. லோனில் வந்தவரை மூன்றாவது கிளப்புக்குத் தள்ளிவிடக் கூடாது. 21 வயது வரையுள்ள, அந்தக் கிளப்பே வளர்த்த பையன்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, இளம் பையனுக்கு லோன் தேவை என்று.

நடுவில் நார்வே வீரர் ஒடேகார்ட் மாதிரி கதையும் உண்டு. 2015இல் 16 வயதில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தார். ஹீரன்வீன், விட்டெஸ், ரியல் சோசியடாட் என்று லோன், பிறகு 2021 ஜனவரியில் ஆர்சனலுக்கு லோன். அங்கேயே நிரந்தரமாகச் சேர்ந்து 2022இல் கேப்டன் ஆனார். மாட்ரிட்டில் இடம் கிடைக்காததால் அவர் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

திருவாரூர்–காரைக்குடி ரயில் பாதையில் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி தாண்டிப் போனால் கண்டனூர் புதுவயல் ஸ்டேஷன் வரும். அந்தக் கண்டனூர்ப் பையன்தான் சிவசக்தி நாராயணன். பெங்களூரு எஃப்சியில் அவர் போன வழி வேறு. ரிசர்வ் அணியில் (கிளப்பின் இரண்டாம் வரிசை அணி) ஆடி, இளைஞர் லீக்கில் கோல் அடித்து, அதற்கப்புறம் முதல் அணி. 2022 டூரண்ட் கோப்பை இறுதியில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோல் அவருடையது, பெங்களூரு 2-1 என்று ஜெயித்தது. அதே சீசனில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடரில் வளரும் வீரர் விருதும் வாங்கினார். இவர் லோனிலேயே போகவில்லையே என்று கேட்கலாம். அவர் கிளப்பில் ரிசர்வ் அணிக்கு உருப்படியான போட்டிகள் இருந்தன, அதனால் போகத் தேவைப்படவில்லை. எந்த வழியாக இருந்தாலும் 18, 19, 20 வயதில் வாரா வாரம் ஆட்டம் வேண்டும். தாய் கிளப்பில் அது கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் கிடைக்கிற இடத்துக்குப் போக வேண்டும். 2017 அண்டர்-17 உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் உலகக் கோப்பை கோலை அடித்த ஜீக்சன் சிங்கும், அப்புறம் மினர்வா பஞ்சாபிலிருந்து இளைஞர்களுக்கான இந்தியன் ஆரோஸ் அணிக்கு லோனில் போய்த்தான் ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் ஆடினார்.

எங்கள் தெருப் பையன் ஒருத்தன் வெளி மாநிலக் கிளப் ஒன்றில் இருக்கிறான். லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பு ஆட்டக்காரன். முதல் அணியோடு பயிற்சி, ஆனால் ஆட்டம் இல்லை. சீசன் நடுவில் கீழ் லீக் கிளப் ஒன்றுக்கு லோனில் போகச் சொன்னார்கள். அவன் அப்பா என்னைத் தேடி வந்து கேட்ட முதல் கேள்வி, "தம்பி, அப்ப இது நிரந்தரம் இல்லையா?"

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் பக்கத்து ஆட்கள் ஒரு தலைமுறையாகக் கால்பந்தைப் பார்த்ததே ரயில்வே, வங்கி, போலீஸ் வேலை வழியாகத்தான். நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டா, கோட்டாவில் வேலை, வேலையில் பென்ஷன். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று மேட்டூரைப் பார்த்தே காலம் தள்ளுகிற குடும்பத்துக்கு நிரந்தரம் என்பது சின்ன விஷயம் இல்லை. அவர் பயத்துக்கு வேறு காரணமும் உண்டு. 2025இல் ஐஎஸ்எல் சீசனே நிறுத்திவைக்கப்பட்டது, பெங்களூரு எஃப்சி மாதிரி கிளப்பே சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 2018-19 ஐ-லீக் பட்டத்தைக் கோயம்புத்தூர் மைதானத்தில் வாங்கிய சென்னை சிட்டி இன்றைக்கு ஐ-லீக்கிலேயே இல்லை. தமிழ்ப் பையன்கள் எத்தனையோ பேருக்கு முதல் பெரிய மேடை அது. இருந்திருந்தால் நம் பையன்கள் லோனுக்குக் கோழிக்கோடு, கொல்கத்தா, ஐசால் என்று போக வேண்டியதில்லை.

நான் அவரிடம் சொன்னது இதுதான். "அண்ணே, நிரந்தரமான்னு கேக்காதீங்க. அங்க அந்த எடத்துல வேற யாரு ஆடுறான்னு கேளுங்க." போகிற அணியில் ஏற்கெனவே இரண்டு லெஃப்ட் பேக் இருந்தால் அங்கேயும் பெஞ்ச்தான். கோச் அவனை நேரில் பார்த்துக் கேட்டாரா, இல்லை ஏஜென்ட் பேசி முடித்ததா? தாய் கிளப்பிலிருந்து யாராவது அவன் ஆட்டத்தைப் பார்க்கப்போகிறார்களா? காயம் பட்டால் ஸ்கேன், ஆபரேஷன் செலவு யாருடையது? சம்பளம் எந்தக் கிளப், எந்தத் தேதியில்? இதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். புரியாவிட்டால் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்கிற ஏஜென்ட்டை நம்ப வேண்டாம். பையன் போனான். இப்போது ஆடிக்கொண்டிருக்கிறான், தோற்கிற அணியில்தான். ஃபோனில் பேசும்போது அவன் குரல் தெளிவாக இருக்கிறது.

நம் எழுவர் கால்பந்துக்காரர்களுக்கு லோன் புரியாத விஷயமே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கோடையில் அதிராம்பட்டினம் என்கிற அதிரையிலும் முத்துப்பேட்டையிலும் தொடர் நடந்தால் கெஸ்ட் பிளேயர் இல்லாத அணி எது? காலையில் பஸ் ஏறி வந்து, தெரியாத ஜெர்சியைப் போட்டு, பேர்கூடத் தெரியாத ஆறு பேரோடு இறங்கி ஆடுவான். மைக்கில் "பந்து இப்போது பத்தாம் நம்பரிடம்" என்று வர்ணனை போகும். அவன் பேர் மைக்காரருக்கும் தெரியாது. ஆனாலும் கோல் விழுந்தால் கூட்டம் அவனைத் தூக்கிக் கொண்டாடும். அவனை யாரும் தள்ளிவிடப்பட்டவன் என்று சொல்வதில்லை. கேட்டு வாங்கிவந்த ஆள் என்றுதான் மதிக்கிறோம். அதே மதிப்பை லோனில் போன பையனுக்கும் கொடுக்கலாமே.

ஆனால் ஒப்பந்தத்தில் இருக்கிற பையனை, "ஊருக்கு வந்திருக்கல்ல, ஒரே ஒரு மேட்ச் ஆடிட்டுப் போ" என்று தயவுசெய்து இழுக்காதீர்கள். அனுமதி இல்லாமல் வெளி ஆட்டம் ஆடக் கூடாது என்பது கிளப் ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனை. கட்டாந்தரையில் முட்டி போனால் அவன் சீசனும் போகும், கிளப் செலவைக் கட்டாது. "பெரிய ஆளாயிட்டான், ஊரை மறந்துட்டான்" என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஒப்பந்தம் இல்லாத பையன்களின் நிலைமை இன்னும் கஷ்டம். எழுவர் ஆட்டத்தில் மைதானம் சின்னது, பெரும்பாலும் ஆஃப்சைடு பார்க்க மாட்டார்கள். அதிலேயே ஊறின பையன் முழு மைதானத்தில், தொண்ணூறு நிமிஷம், ஆஃப்சைடு கோட்டைப் பார்த்து நிற்கத் திணறுகிறான். கால் வேலை அருமையாக இருக்கும், இடம் தெரியாது. கூடவே, இந்திய கால்பந்து சம்மேளனத்தின் சிஆர்எஸ் என்கிற மைய வீரர் பதிவு பல பேரிடம் இல்லை. அது இல்லாமல் எந்த கிளப்பும் அதிகாரபூர்வப் போட்டியில் இறக்க முடியாது. மாவட்டச் சங்கத்தில் பதிவான கிளப் ஒன்றின் வழியாகத்தான் அதைச் செய்ய வேண்டும். பையன் பிற்காலத்தில் வெளிநாட்டுக் கிளப்புக்குப் பணத்துக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை 12 வயதிலிருந்து 23 வயது வரை அவனை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று ஃபிஃபா விதி இருக்கிறது. பதிவே இல்லாத நம் ஊர் கிளப் எந்த முகத்தோடு போய்க் கேட்கும்?

அதனால் இந்தக் கோடையில் தொடர் நடத்தப்போகிற அதிரை, முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் கமிட்டிகளுக்கு ஒரு கோரிக்கை. மொத்தப் பரிசுத் தொகையில் கொஞ்சம் குறைத்து, தொடரின் நடுவே 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் குறைந்தது நாலு பதினொருவர் ஆட்டம் நடத்துங்கள். தஞ்சாவூர் அன்னை சத்யா மைதானமோ, பக்கத்துக் கல்லூரி மைதானமோ கேட்டால் கிடைக்கும். ஆட வருகிற பையன்களுக்கு அன்றைக்கே, அங்கேயே ஒரு மேஜை போட்டு சிஆர்எஸ் பதிவுக்கு வேண்டிய பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாவற்றையும் வாங்கி மாவட்டச் சங்கத்திடம் சேர்த்துவிடுங்கள். மேஜையில் உட்கார்ந்து எழுத நான் வருகிறேன். கம்ப்யூட்டர் தெரிந்த இரண்டு பேர் கூட வந்தால் போதும், கமென்ட்டில் சொல்லுங்கள்.