எந்த சொப்ட்வெயார் நல்லது என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு

"சேர், வீடியோப் பாடம் எடுக்கத் தொடங்கப் போறன். எந்த சொப்ட்வெயார் நல்லது?" போன கிழமை மூதூரிலிருந்து ஒரு ரீச்சர் கேட்டிருந்தா. இந்த மாதத்தில் இதையே கேட்கும் நாலாவது ஆள். ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் அனுப்பிக் களைத்துப்போனேன், இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான்: திரையையும் குரலையும் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ, வெட்டி ஒட்ட ஷொட்கட். இரண்டும் இலவசம். காம்டேசியா நல்ல சாமான், பதிவும் எடிட்டிங்கும் ஒரே இடத்தில் முடியும், ஆனால் காசு. "கிராக் பண்ணிப் போட்டுத் தாறன்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, வைரஸ் ஏறி, பத்து வருட வினாத்தாள்களைப் பறிகொடுத்தவன் நான். பண்டிகாமின் இலவசப் பதிப்பு பத்து நிமிடத்தில் நின்றுவிடும், படத்தின் மேல் தன் பெயரையும் ஒட்டும். டாவின்சி ரிசோல்வ் இலவசமாகவே கிடைக்கும், பெரிய வேலைக்காரன்தான். ஆனால் நம் வீட்டு லப்டொப்கள் அதைத் திறக்கவே மூச்சு வாங்கும்.

சரி, ஓபிஎஸ்தான் என்று ஏன் அடம்பிடிக்கிறேன்? கரண்ட்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டி நாடு முழுக்க இருண்டதே, அன்று நான் உயர்தர இணைந்த கணிதத்தில் வகையீட்டுப் பாடம் பதிவு செய்துகொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் பேசியாயிற்று. டெஸ்க்டொப், கரண்ட் போனால் தாங்கிப்பிடிக்கும் யூபிஎஸ் செத்து ஒரு வருடம். கரண்ட் வந்ததும் பார்த்தால் ஃபைல் இருக்கிறது, பருமனும் இருக்கிறது, திறக்கத்தான் மாட்டேன் என்கிறது. காரணம் பிறகுதான் விளங்கியது. எம்பி4 என்ற வீடியோ ஃபைல் வகை தன் பொருளடக்கத்தைப் பதிவு முடியும்போதுதான் எழுதும். நடுவில் நின்றால், அட்டவணை இல்லாத கட்டுத் தாள்தான் மிச்சம். எம்கேவி என்ற வகை அப்படியில்லை, கரண்ட் போன நொடி வரை உள்ளதைத் தந்துவிடும். ஓபிஎஸ்ஸில் செட்டிங்ஸ், அவுட்புட் என்று போய் பதிவு வகையை எம்கேவி ஆக்கிவிடுங்கள். முடிந்ததும் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் எம்பி4 ஆகிவிடும், தரம் குறையாது. 30.2 பதிப்பிலிருந்து ஹைபிரிட் எம்பி4 என்று ஒரு வகையும் வந்திருக்கிறது, அதுவும் இந்த ஆபத்தைத் தாங்கும்.

சிலருக்கு ஓபிஎஸ்ஸில் திரை வெறும் கறுப்பாக வரும். இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் உள்ள லப்டொப்களின் குணம் அது. விண்டோஸின் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் ஓபிஎஸ்ஸை மின்சேமிப்புப் பக்கம் மாற்றிப் பாருங்கள்.

எடிட்டிங்கைப் பற்றி நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. சுற்றிச் சுற்றி வரும் பெயர், இசை, வெடிக்கும் எழுத்து எதுவும் வேண்டாம். குச்சவெளியில் ஒரு பிள்ளை தாயின் போனில், மிச்ச டேட்டாவை எண்ணிக்கொண்டு பார்க்கிறது. அந்த அலங்காரம் ஓடும் இருபது வினாடியும் அந்தப் பிள்ளையின் காசு. எனக்கு வேண்டியது பிழையை வெட்டுவது மட்டும். பேசும்போது தடுமாறினால் நிறுத்தி ஒருமுறை கைதட்டிவிட்டு அந்த வசனத்தை முதலிலிருந்து சொல்வேன். ஷொட்கட்டின் ஒலி அலையில் அந்தக் கைதட்டு பனைமரம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் எஸ் அழுத்திப் பிளந்து, நடுத் துண்டைத் தெரிவு செய்து எக்ஸ் அழுத்தினால் துண்டும் போகும், இடைவெளியும் மூடும். ஒரு மணி நேரப் பாடத்துக்கு இருபது நிமிட வேலை.

எழுத்தைப் பெரிதாக்கும் வேலையையும் எடிட்டிங்குக்குத் தள்ளாதீர்கள். மைக்ரோசொஃப்ட் சும்மா தரும் சூம்இட் என்ற சின்னச் சாமானைப் போட்டுக்கொண்டால், கன்ட்ரோல் 1 திரையைப் பெருப்பிக்கும், கன்ட்ரோல் 2 பேனையைக் கையில் தரும். வகையிடும் உறுப்பைச் சுற்றி அந்த நேரத்திலேயே வட்டம் போடலாம். (பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பழைய சிலைட்டுகளை வேறு கணினியில் திறந்து ஆங்கில எழுத்துக் குவியலைப் பார்த்து அழுதவர்கள், தயவுசெய்து யூனிகோடுக்கு வாருங்கள்.)

ஆனால் காசு செலவழிப்பதென்றால் சொப்ட்வெயாருக்கு அல்ல, மைக்குக்கு. சட்டையில் குத்தும் மலிவான மைக்கே லப்டொப்பின் மைக்கை விட எவ்வளவோ மேல். படம் மங்கினாலும் பிள்ளைகள் பொறுப்பார்கள், குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தால் மூடிவிடுவார்கள். ஓபிஎஸ்ஸின் ஒலி ஃபில்டரில் ஆர்என்நொய்ஸ் போட்டால் மின்விசிறி இரைச்சல் நன்றாகவே அடங்கும். காகத்தையும், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் சூன் பாண் ஆட்டோவையும் அதனால் அவ்வளவாக அடக்க முடியாது. அதனால் விடிய ஐந்து மணிக்கு எழும்பி, யன்னலைச் சாத்தி, வேர்த்து ஒழுகிக்கொண்டு பதிவு செய்கிறேன்.

அப்படியும் ஒருநாள், வகையீட்டின் சங்கிலி விதிப் பாடத்துக்கு, பிந்திவிட்டேன். பாட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோ வந்து என் வாசலிலேயே நின்றது. வெட்டப் பஞ்சிப்பட்டு அப்படியே வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரவு ஒரு மாணவியின் செய்தி: "சேர், சங்கிலி விதி விளங்கிட்டுது. பாண் வாங்கினீங்களா?"