‘ஏ’ பிரிவு முத்திரை மட்டும் போதாது

அண்ணே, ‘சிஇ (ஐரோப்பிய ஒன்றியத் தரக்குறி) ஏ பிரிவு முத்திரை இருந்தால் கேட்டமரான் (இரட்டை உடல் படகு) எந்தக் கடலையும் தாங்கும், சர்வேயர் (படகைச் சோதிக்கும் நிபுணர்) செலவு வீண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் சுங்கை சிப்புட்டிலிருந்து கடலோர லூமுட்டுக்குப் பழைய படகு பார்க்கப் போகும் தம்பிமார் இதை நம்பிவிடக் கூடாது. பியூபோர்ட் காற்று அளவுகோலில் 8-ஐத் தாண்டும் காற்று, 4 மீட்டருக்கு மேற்பட்ட அலை ஆகியவற்றுக்காக வடிவமைத்த படகு என்பதுதான் அந்த முத்திரையின் பொருள். சூறாவளி போன்ற அசாதாரண நிலை அதில் சேராது. பத்து வருஷம் ஓடிய படகின் இன்றைய நிலையையும் அது சொல்லாது.

உள்ளே இறங்கிப் பாருங்கள். தடுப்புச் சுவர் படகின் உடலோடு சேரும் இடத்தில் ஃபைபர் ஒட்டு விட்டிருக்கிறதா? மேல்தளத்தில் போல்ட் இறக்கிய இடங்களைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். மந்தமான சத்தம் வந்தால், உள்ளே வைத்த பால்சா என்னும் லேசான கட்டை ஈரம் குடித்திருக்கலாம். அப்புறம், இரண்டு உடலையும் இணைக்கும் தளம் தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரம்? சாமான் ஏற்ற ஏற்ற அது தாழும், அலை அடியில் வந்து அறையும்.

கேட்டமரான் கவிழ்ந்தாலும் மிதக்கும் என்கிறீர்கள், சரி. ஆனால் கனமான கீல் (அடியில் நீளும் எடைப் பகுதி) உள்ள ஒற்றை உடல் பாய்மரப் படகு போல அது தானாக நிமிராது.