என்ன படிக்கப் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை

2025 நடுப்பகுதியில், கம்பஸில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, பாதியில் விட்டுவிட்டு லண்டன் (எங்கள் பேச்சில் முழுப் பிரித்தானியாவும் லண்டன்தான்) போவது என்று முடிவெடுத்தேன். வீட்டில் சொன்னேன், இரண்டு நாளில் அயலெல்லாம் தெரிந்துவிட்டது. கோயில் வாசலில், கல்யாண வீட்டில், திருகோணமலை உப்புவெளிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கண்டவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எந்த நாடு பிள்ளை?" லண்டன் என்றதும் முகம் மலரும். அடுத்தது, "எப்ப பயணம்?" என்ன படிக்கப் போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் என்னை அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

போக நினைப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2022இல், நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்தபோது, நாங்கள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. எங்கள் பரீட்சையே தள்ளிப்போய் 2023 தொடக்கத்தில்தான் நடந்தது. அப்பா ஆட்டோவை பெற்றோல் வரிசையில் விட்டுவிட்டு அதற்குள்ளேயே படுத்து எழும்பிய நாட்களை நான் மறக்கமாட்டேன். எங்கள் பள்ளிக்கூட பட்சின் வட்ஸ்அப் குழுவைத் திறந்தால் இப்போது இலங்கையின் +94 நம்பர் குறைவு, பிரித்தானியாவின் +44உம் அவுஸ்திரேலியாவின் +61உம் கூட. இந்த நாட்டில் இருந்து என்ன செய்வது என்று இருபது வயதுப் பிள்ளை கேட்டால் அதைப் பேராசை என்று சொல்லக்கூடாது.

நகரில் ஒரு ஏஜென்சிக்கு அம்மாவும் நானும் போனோம். நான் படிப்பது கணினி விஞ்ஞானம். அவர்கள் எடுத்துத் தந்த படிப்பு பிஸ்னஸ் மனேஜ்மென்ட், முதலாம் வருடத்திலிருந்து. ஏன் என்று கேட்டேன். "இதுக்குத்தான் கெதியா ஓஃபர் வரும், தங்கச்சி" என்றார் அங்கிருந்தவர். ஒரு மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகத்திலிருந்து ஏஜென்ட்டுக்குக் கொமிஷன் போகும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அடுத்தது காசு. வருடக் கட்டணம் 14,000 பவுண்ஸ். அதற்கு மேல், லண்டன் நகரத்துக்கு வெளியே என்றால் அப்போது மாதம் 1,136 வீதம் 9 மாதத்துக்கு 10,224 பவுண்ஸ் கணக்கில் காட்ட வேண்டியிருந்தது, அதுவும் 28 நாள் இறங்காமல் கிடக்க வேண்டும். மொத்தமாக எங்கள் காசில் ஏறத்தாழ 97 இலட்சம். அம்மா பேசவேயில்லை. "காட்டுற காசை நாங்கள் ஒழுங்குபடுத்துவம் அம்மா, 28 நாளைக்கு வட்டி மட்டும் தந்தால் சரி. முதல் வருசக் காசுக்குக் காணி உறுதியை ஈடு வையுங்கோ" என்றார்கள்.

அன்றிரவு அம்மா அலுமாரியிலிருந்து காணி உறுதியை எடுத்தா. நிலாவெளியில் 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர், அம்மாவின் சீதனக் காணி. 1990இல் இடம்பெயர்ந்தபோது அம்மம்மா அந்த உறுதியைப் பொலித்தீனில் சுற்றி, அரிசிப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனவ. மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் இப்போது மஞ்சளாகிவிட்டது. பூச்சி உருண்டை மணத்தது. அம்மா அதை மேசையில் வைத்து விரலால் ஒவ்வொரு மடிப்பாக நீவிவிட்டா. "உனக்குத்தானே பிள்ளை" என்று மட்டும் சொன்னா.

அந்தக் கடதாசியைப் பார்த்த பிறகுதான் நான் பேனை எடுத்துக் கணக்குப் போட்டேன். இரண்டாம், மூன்றாம் வருடக் கட்டணத்துக்கு என்ன வழி? "பார்ட் டைம் செய்யலாம்" என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். படிப்பு நடக்கும் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். 21 வயது நிரம்பியவருக்கு அங்கே அப்போது ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 12.21 பவுண்ஸ். கிழமைக்கு 244. ஒரு கிழமைகூட விடாமல் வேலை செய்தாலும் வருடத்துக்கு 12,700 வராது. கட்டணமே 14,000. வாடகை எங்கே, சாப்பாடு எங்கே? லீவுக் காலத்தில் முழுநேரம் செய்யலாம்தான், வேலை கிடைத்தால். வருடத்துக்கு 776 பவுண்ஸ் சுகாதாரக் கட்டணத்தை விசாவுக்கே முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்பதை ஏஜென்சியில் வாயே திறக்கவில்லை.

வட்டிக்கு எடுத்துக் காட்டும் காசைப் பற்றி ஒரு வார்த்தை, தம்பி தங்கச்சிமாருக்கு. பிரித்தானிய விசாவில் ஏமாற்றோ பொய் ஆவணமோ பிடிபட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு நிற்காது, 10 வருடத் தடை வரலாம். அந்தத் தடை விழுவது உங்கள் பாஸ்போட்டில். ஒழுங்குபடுத்தித் தந்தவரின் பாஸ்போட்டில் இல்லை. படித்து முடித்தால் 2 வருடம் அங்கே வேலை தேடலாம் என்று எனக்குச் சொன்னார்கள். 2027 ஜனவரி 1இலிருந்து விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம்தான். நான் அன்றைக்குப் போயிருந்தால் 2028இல்தான் முடித்திருப்பேன்.

சரி, போகவில்லை. பல்கலைக்கழகம் தந்த அனுமதியை, அந்த ஓஃபரை, விட்டேன். நாலு மாதம் வீட்டில் முகம் கொடுத்துப் பேச முடியாமல் இருந்தது. பெரியம்மா, "பயந்திட்டாள்" என்று சொன்னது என் காதுக்கும் வந்தது. பயந்ததுதான், மறைக்கவில்லை.

என்ன படிப்பது என்ற கேள்விக்குப் பதில் வந்தது நவம்பர் கடைசியில், டித்வா புயலோடு. மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் வெள்ளம் பாய்ந்தபோது, எந்தக் கிராமம் தண்ணிக்குள் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்ரினல்-1 செய்மதிப் படங்களை இலவசமாக எடுக்கலாம் என்று வகுப்பில் படித்திருந்தோம். அது ராடார், முகில் மூடியிருந்தாலும் நிலம் தெரியும். தேங்கிய தண்ணீர் கறுப்பாகத் தெரியும். கரண்ட் வந்த நேரம் லப்டொப்பில் புயலுக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் படத்தில் வயலும் றோட்டும் இருந்த இடம் மற்றதில் கறுப்பு. அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் என் கூட்டாளியின் வீடு இருக்கிறது. அதற்கு மேல் என்ன செய்வது, எவ்வளவு ஆழம், நாளைக்கு எங்கே போகும் என்று கணக்கிட எனக்குத் தெரியவில்லை. அதைப் படிக்க வேண்டும் என்று அந்த இரவு நினைத்தேன்.

அதன் பிறகுதான் நாடு வந்தது. ஜேர்மனியில் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் புவித்தகவலியல் (வரைபடங்களையும் செய்மதிப் படங்களையும் கணினியில் ஆராயும் படிப்பு) முதுமாணி இருக்கிறது, ஆங்கிலத்திலேயே படிக்கலாம். வெளிநாட்டு மாணவருக்கும் அங்கே கற்பித்தல் கட்டணம் இல்லை, ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு சிறு தொகைதான். விசாவுக்காக முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் மட்டும் காசு எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், வருடத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும், அது 42 இலட்சத்துக்கு மேல், லேசான காசில்லை. ஆனால் அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக நம் கைக்கே திரும்பி வரும். ஜேர்மன் கல்விப் பரிமாற்ற நிறுவனம் தரும் டாட் (DAAD) புலமைப்பரிசிலில் எங்கள் போன்ற நாடுகளுக்கென்று, தெரிவுசெய்த சில படிப்புகளுக்கு மட்டும், ஒரு பிரிவு உண்டு, அதற்கு டிகிரிக்குப் பிறகு 2 வருட வேலை அனுபவம் வேண்டும். ஆகவே இங்கே டிகிரியை முடிக்கிறேன். 2 வருடம் வேலை செய்கிறேன். பிறகு விண்ணப்பிக்கிறேன். கிடைக்காவிட்டால் திரும்ப விண்ணப்பிப்பேன். இதைச் சொன்னபோது அப்பா ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார். "அப்ப காணி?" என்றார். தேவையில்லை என்றேன். தலையாட்டிவிட்டுக் கழுவத் தொடங்கினார்.

எல்லாரும் என்னைப்போல் காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் மச்சாள் ஒருத்தி உயர்தரம் முடிந்த கையோடு அவுஸ்திரேலியா போனவள். தாதியர் படிப்புத்தான் வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே தெரிந்தவள், நன்றாக இருக்கிறாள். வீட்டு நிலைமையால் உழைக்கத்தான் போக வேண்டும் என்றால் அதுவும் கௌரவமான காரணம். அதை வீட்டுக்குச் சொல்லி, வேலை விசாவுக்கு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படிப்பின் பேரில் காணியை ஈடு வைக்காதீர்கள். தாய் தகப்பன்மாரே, பிள்ளை ஓஃபர் லெட்டரோடு வந்தால் அதில் படிப்பின் பெயர் எழுதியிருக்கும் வரியைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று வருடமும் அதில் என்னென்ன பாடம் என்று பிள்ளையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

யாராவது ஓஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள். சனிக்கிழமைகளில் பின்னேரம் பொது நூலகத்தில் இருப்பேன். லெட்டரையும் வீட்டு வரவு செலவையும் கொண்டுவாருங்கள், அம்மாவையும் கூட்டிவாருங்கள், இருந்து கணக்குப் போடுவோம்.