திருட்டு முழியைத் தொலைத்த நாய்கள்

பழைய நகைச்சுவைச் சித்திரங்களில் வரும் விஷமக்கார நாய்களை நாம் ரசிப்பது அவை செய்யும் சேட்டைக்காகத்தான் என்று பொதுவாக ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேசையிலிருந்து சாசேஜ் சரத்தைக் கவ்விக்கொண்டு ஓடுகிற நாயைக் கை பழகிய எந்த ஓவியரும் வரைந்துவிடுவார். கவ்விக்கொண்டு போய், தின்று முடித்து, வயிறு உப்பிப்போய், வீட்டுக்காரர் எதிரில் வந்து நிற்கும்போது 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்கிற பாவனையில் அண்ணாந்து பார்க்கும் நாயை வரைவதுதான் கடினம். அந்தத் திருட்டு முழியில்தான் படத்தின் உயிரே இருக்கிறது. அதை வரைவதில் தேர்ந்தவர் என்று நான் மதிப்பது இங்கிலாந்தின் ஜார்ஜ் எர்னஸ்ட் ஸ்டடியை. அவர் படைத்த பான்ஸோ என்ற நாய்க்குட்டி அண்மைக் காலமாகச் சென்னைக் காபிக் கடைகளின் சுவர்களிலும், செல்லப்பிராணிகளுக்கான கடைகளிலும், இணையத்தில் சட்டம் போட்டு விற்கிறவர்களிடமும் தென்படுகிறது. நாய் இருக்கிறது, முழியைத்தான் காணோம்.

ஸ்டடி 1878-இல் பிளிமத்தை ஒட்டிய டெவன்போர்ட்டில் பிறந்தவர். சிறு வயதில் காலில் பட்ட காயத்தால் ராணுவத்துக்குப் போக முடியாமற்போன அவர், லண்டனில் மாலை வகுப்புகளில் ஓவியம் பயின்றார். விலங்குகளை வரையக் கற்றுத் தருவதற்கென்றே ஃபிராங்க் கால்டெரான் நடத்திவந்த பள்ளியிலும் சில காலம் படித்தார். இந்தப் பிந்தைய தகவல் முக்கியமானது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். 'தி ஸ்கெட்ச்' வார இதழில் அவர் வரைந்துவந்த ஒரு வெள்ளை நாய்க்குட்டி, பெயரில்லாமலேயே 'ஸ்டடியின் நாய்' என்று வாசகர்களிடம் புகழ்பெற்று, 1922 நவம்பரில் பான்ஸோ என்ற பெயரைப் பெற்றது. 1924 முதல் அதை வைத்து 26 அசைவூட்டப் படங்கள் வெளிவந்தன. பேசாப் படங்களின் காலம் அது. அஞ்சலட்டை, சாம்பல் கிண்ணம், குண்டூசித் திண்டு, உப்பு மிளகுக் குப்பி என்று பான்ஸோ ஏறாத பொருள் இல்லை. லண்டன் பிக்காடிலி சர்க்கஸில் மின்விளக்கு விளம்பரமாகவும் அது ஒளிர்ந்தது. ஆக, இந்த நாயை வணிகத்தின் கறை படாத பழங்காலக் கலை என்று யாரும் உருகத் தேவையில்லை. பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அது நன்றாக விலை போன நாய்தான். என் குறை அது விற்கப்படுவதைப் பற்றியதன்று, எந்த நிலையில் விற்கப்படுகிறது என்பதைப் பற்றியது.

என்னிடம் ஒரு பான்ஸோ அஞ்சலட்டை இருக்கிறது. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தக வியாபாரிகள் குடியேறிய அல்லிக்குளம் வளாகத்தில், அட்டை கிழிந்த ஒரு நிலப்படப் புத்தகத்துக்குள் செருகியிருந்தது. அந்தக் குட்டி உட்கார்ந்திருக்கும் விதத்தை முதலில் பாருங்கள். வளர்ந்த நாய் பின்னங்கால்களை மடித்து நேராக உட்காரும். குட்டி நாய்க்கு அந்தக் கட்டுப்பாடு வராது, இடுப்பு ஒருபக்கம் சரிந்து பின்னங்கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டடியின் குட்டி அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. கால்டெரானின் பள்ளியில் கற்ற பாடம் இங்கே வேலை செய்கிறது: கழுத்துக்குக் கீழே அது முழுக்க முழுக்க நாய், எலும்பும் எடையும் உள்ள நாய். கழுத்துக்கு மேலேதான் மனிதத்தனம் தொடங்குகிறது. நெற்றியில் இரண்டு மடிப்புகள், கருவிழிகள் இரண்டும் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கின்றன, ஒரு கண்ணின் இமை மட்டும் மற்றதைவிடச் சற்றே தாழ்ந்திருக்கிறது. உடல் உண்மையாக இருப்பதால்தான் முகத்தின் பொய் சிரிப்பை வரவழைக்கிறது. உடலும் பொம்மையாக இருந்திருந்தால் வெறும் பொம்மையைப் பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்போம்.

அந்தத் தாழ்ந்த இமையை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் கோடே இல்லை. படத்தைச் சிறுசிறு புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் ஹாஃப்டோன் முறையின் புள்ளிகள்தான் இருக்கின்றன. அந்த இடத்தில் சில புள்ளிகள் கொஞ்சம் தடித்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. சிவப்பு மை மற்ற நிறங்களோடு சரியாகப் பொருந்தாமல் மயிரிழை விலகியிருப்பதால் இமையின் ஓரம் லேசாகச் சிவந்து தெரிகிறது. திருட்டு முழி என்று நான் சொல்வது மொத்தமும் இந்தச் சில புள்ளிகளின் கூட்டம்தான். பழைய பாணி பிளாக் தயாரிப்பில் இருந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது: அச்சில் வெளிச்சமும் நிழலும் புள்ளியின் பருமனைப் பொறுத்தவை; புள்ளி கொஞ்சம் இளைத்தால் முகபாவமே மாறிவிடும்.

இப்போது நடப்பது என்னவென்றால், இந்த அட்டைகளின் குறைந்த தெளிவுள்ள பிரதி ஒன்றை எங்கிருந்தோ எடுத்து, படத்தைப் பெரிதாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் கொடுக்கிறார்கள். மென்பொருளுக்குப் புள்ளிகள் என்றால் அழுக்கு. அழுக்கைத் துடைக்கிறது, விளிம்புகளைக் கூராக்குகிறது, பழுப்பேறிய தாளை வெண்மையாக்குகிறது. இமையின் புள்ளிகளும் அந்தத் துடைப்பில் போய்விடுகின்றன. கண் முழு வட்டமாகத் திறந்துகொள்கிறது. ஓரத்துக்கு ஒதுங்கிய கருவிழியைச் சில நேரம் நடுவிலேயே கொண்டுவந்து வைத்துவிடுகிறது. திருவல்லிக்கேணியில் ஒரு நண்பர் வீட்டில் நான் பார்த்த பெரிய சட்டமிட்ட படத்தில் பான்ஸோ, பிறந்தநாள் கேக் மேல் வைக்கும் சர்க்கரை பொம்மைபோல, எந்தக் குற்றமும் செய்யாத முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது. காலி தட்டு பக்கத்தில் கிடக்கிறது. ஆனால் அந்தத் தட்டை இந்த நாய்தான் காலி செய்தது என்று நம்ப அந்த முகத்தில் எதுவுமே இல்லை. நகைச்சுவைப் படத்தில் நகைச்சுவையைத் துடைத்துவிட்டு மீதியை விற்கிறார்கள். நண்பர் நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்ததால் நான் அங்கே வாயைத் திறக்கவில்லை.

நாய்ப் படத்தில் ஓவியர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதற்கு நம் ஊர் வீடுகளில் எல்லோரும் பார்த்த இன்னொரு படம் சாட்சி: ஹெச்.எம்.வி. இசைத்தட்டின் நடுவில், கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நிப்பர். 'நாய் மார்க் பிளேட்டு' என்று பெரியவர்கள் சொன்ன அதே நாய். வீட்டுக்கு வருகிறவர்களின் கணுக்காலைக் கவ்வுகிற பழக்கம் இருந்ததால் அதற்கு நிப்பர், அதாவது கவ்வுகிறவன், என்ற பெயர் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. அசல் வாழ்க்கையில் அது பான்ஸோவின் ஜாதி. ஆனால் ஃபிரான்சிஸ் பராட் 1898-இல் அதை வரைந்தபோது, இறந்து மூன்று ஆண்டுகளாகிவிட்ட அந்த நாயின் கணுக்கால் கவ்வும் குணத்தை விட்டுவிட்டு, எஜமானரின் குரலுக்குக் காது கொடுக்கும் பணிவை மட்டும் எடுத்துக்கொண்டார். பணிவுக்கு உலகம் முழுவதும் நல்ல சந்தை இருந்தது என்பது பின்னால் தெரிந்த கதை. ஸ்டடி எதிர்ப்பக்கத்தை எடுத்துக்கொண்டார்.

என் வாதத்துக்கு எதிராக ஒருவர் நாஷரைக் கொண்டுவந்து நிறுத்தலாம். பிரிட்டனின் 'பீனோ' சிறுவர் சித்திரக்கதை இதழில் வரும் குறும்புக்காரப் பையன் டென்னிஸுக்குத் துணையாக 1968-இல் டேவிட் லா வரைந்த கறுப்பு நாய் அது. டென்னிஸின் தலைமுடியை வரைந்து, நான்கு மூலைகளிலும் கால்களை வைத்து, முன்னால் இரண்டு கண்களைப் போட்டுவிடுங்கள் என்று அவருக்கு யோசனை சொல்லப்பட்டதாக ஒரு கதை உண்டு. படத்தைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. நாஷரின் முகத்தில் குற்ற உணர்வின் சாயல்கூடக் கிடையாது, வரிசைப் பற்கள்தான் உண்டு. ஆனால் அந்தக் கதைகளில் கடைசிக் கட்டத்தில் அப்பாவின் செருப்படி விழுவது டென்னிஸுக்கு. மாட்டிக்கொண்ட முகம் பையனுடையது. ஒரே முடியிலிருந்து பிறந்த இருவரில் ஒருவர் சேட்டையையும் மற்றவர் அதன் முகத்தையும் சுமக்கிறார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். லயன், முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு லக்கி லூக் கதைகளில் வரும் ரின் டின் கேன் நினைவுக்கு வரும். அது விஷமக்கார நாய் அன்று, மூளை மட்டான நாய்; தான் செய்தது தப்பு என்றே அதற்குத் தெரியாததால் திருட்டு முழிக்கு அங்கே வேலையில்லை. பிராட் ஆண்டர்சன் 1954-இல் தொடங்கிய மார்மடியூக் சித்திரத் தொடரில் நாயின் பிரம்மாண்டமே நகைச்சுவை. முகத்துக்கு அதிகம் வேலை வைக்கவில்லை என்பதால் எனக்கு அது விரைவில் அலுத்துவிட்டது.

பிஃப் என்ற நாய் வேறு வகை. 1948 மார்ச்சில் பிரெஞ்சு நாளிதழான 'லூமானிதே'யில் அந்த நாயை வரையத் தொடங்கிய ஹோசே கப்ரேரோ அர்னால், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் நின்றவர், நாஜிகளின் மௌத்ஹவுசன் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். அந்த மனிதர், விடுதலையாகி மூன்றே ஆண்டுகளில், பின்னாளில் எர்குல் என்ற பூனையோடு மல்லுக்கட்டப்போகும் ஒரு நாயை நாள் தவறாமல் வரையும் வேலைக்கு உட்கார்ந்தார் என்பதை நான் எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு குறைவதில்லை.

நம் வார இதழ்களில் இப்படி ஒரு நாய் ஏன் உருவாகவில்லை என்று யோசித்ததுண்டு. வாலும் கொம்பும் முளைத்த பையன்கள் நமக்கு உண்டு. மதனின் ரெட்டை வால் ரெங்குடுவை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். நாய் என்று வந்தால், தபால்காரரைத் துரத்தும், 'நாய்கள் ஜாக்கிரதை' பலகைக்குப் பின்னால் நின்று மாப்பிள்ளையைப் பார்த்துக் குரைக்கும், ஜோக் முடிந்ததும் மறைந்துவிடும். அதற்குப் பெயரும் இல்லை, அடுத்த வாரம் திரும்பி வருவதும் இல்லை. பான்ஸோவின் விஷமத்துக்கு நாற்காலி, மெத்தை, செருப்பு அலமாரி, சாப்பாட்டு மேசை ஆகிய எல்லாம் அதன் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நம் பழைய வீடுகளில் நாய்க்குத் திண்ணையோடு எல்லை முடிந்துவிட்டது. சமையலறைப் பாத்திரத்தில் வாய் வைத்த நாய் அங்கே சிரிப்புக்குரிய விஷயமாக இருக்கவில்லை. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாய் மெத்தையிலேயே படுத்திருக்கிறது. அதை வரையத்தான் வார இதழ்களில் முன்போலப் பக்கங்கள் இல்லை.

'காப்புரிமைதான் தீர்ந்துவிட்டதே, யார் எப்படி அச்சிட்டால் என்ன' என்று ஒரு கேள்வி வரும். ஸ்டடி 1948-இல் இறந்தவர். ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் என்ற இந்தியக் கணக்குப்படி 2008-ஆம் ஆண்டின் முடிவோடும், 70 ஆண்டுகள் என்ற பிரிட்டிஷ் கணக்குப்படி 2018-இன் முடிவோடும் அவர் வரைந்தவற்றின் காப்புரிமை தீர்ந்தது. அச்சிடும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. மாட்டும் சட்டத்தின் அளவுக்குப் படத்தைப் பொருத்துவதற்காகக் கீழ் மூலையிலிருக்கும் கையொப்பத்தை வெட்டிவிட்டு, 'விண்டேஜ் டாக் ஆர்ட்' என்ற பெயரில் விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கையொப்பம் இருக்கும் மூலைக்கு அரை அங்குல இடம் விட முடியாத சட்டம் எந்தச் சட்டம்? துடைத்த படம்தான் குழந்தைகளுக்குப் பிடிக்கிறது என்று ஒரு விற்பனையாளர் என்னிடம் சொன்னார். என் அக்காள் மகளிடம் இரண்டையும் காட்டினேன். பழைய அட்டையைப் பார்த்துத்தான் 'இது ஏதோ பண்ணியிருக்கு' என்றாள்.

இந்தப் பதிவைப் படிப்பவர்களில் அச்சுத் தொழிலிலோ வடிவமைப்பிலோ இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய அட்டைகளை ஸ்கேன் செய்யும்போது குறைந்தது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வையுங்கள். 1200 இன்னும் நல்லது. ஸ்கேனர் மென்பொருளில் 'டீஸ்க்ரீன்' என்றிருப்பதை அணைத்துவிடுங்கள். அதுதான் புள்ளிகளை முதலில் விழுங்குவது. தாளின் பழுப்பைக் குறைக்க வேண்டுமென்றால் படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தில் மட்டும் குறையுங்கள், நாயின் மேல் கை வைக்காதீர்கள். பெரிதாக்க வேண்டுமென்றால் புள்ளிகளோடே பெரிதாக்குங்கள். எட்ட நின்று பார்க்கும்போது கண் அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். வீட்டில் பழைய ஆங்கில அட்டைகள், கிழிந்த சிறுவர் ஆண்டு மலர்கள் கிடந்தால் எடைக்குப் போடும் முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன். தாம்பரம் தாண்டி இருந்தாலும் வருவேன். அட்டை உங்களிடமே இருக்கட்டும், பிரதி ஒன்று போதும்.